இன்னும் ஒரு போர்வை வையுங்கள்: ஓய்வு யோகா தொடங்குபவர்களுக்கு

ஓய்வு யோகாவில் உடம்பு எந்த வேலையும் செய்யக் கூடாது. தலையணையும் போர்வையும் தாங்க, ஒரே நிலையில் 5 முதல் 15 நிமிடம் வரை அசையாமல் கிடப்பதுதான் பயிற்சி. உடல் வளையாதவர்களும் நோயுற்றவர்களும் ஆசனம் செய்யத் திண்டு, கட்டை, பெல்ட் என்று துணைப்பொருட்களைப் பரவலாக்கியவர் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார். அந்த வழியில் வளர்ந்த முறை இது.

கெட்டியான தலையணை 2, போர்வை 3, கைத்துண்டு ஒன்று, ஒரு சுவர் போதும். சாப்பிட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். அசையாமல் கிடந்தால் உடம்பு குளிரும். மேலே போர்த்திக்கொள்ள ஒரு போர்வையை ஒதுக்கி வையுங்கள்.

1. பாலாசனம்

மண்டியிட்டு, கால் கட்டைவிரல்களைச் சேர்த்து, முட்டிகளை அகட்டுங்கள். தலையணைகளை அடுக்கி, நீளவாக்கில் தொடைகளுக்கு நடுவே இழுத்து வைத்து, வயிறு, மார்பு, கன்னம் எல்லாம் அதன்மேல் படியக் கவிழ்ந்து படுங்கள்.

இப்போது வயிற்றுக்கும் தலையணைக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். இடைவெளி இருந்தால் ஒரு போர்வையை மடித்து வையுங்கள். பிட்டம் குதிகாலில் படியவில்லையா? அங்கேயும் ஒன்று. நான் தொடங்கிய புதிதில், தொடை இழுத்தால்தான் பலன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கூடுதலாக ஒரு போர்வை வைத்த அன்றுதான் தாடை தானாகத் தளர்ந்தது. எங்காவது இழுத்தால் தாங்கல் போதவில்லை என்றே பொருள். பாதி நேரத்தில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

மூச்சை அடக்க வேண்டாம்; வெளிமூச்சு மட்டும் சற்று நீளட்டும். வெளிமூச்சின்போது இதயத்துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் நிதானமாகும்.

2. விபரீத கரணி

சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து, கால்களைச் சுவரில் ஏற்றுங்கள். இடுப்புக்கு அடியில் மடித்த போர்வை ஒன்று. தொடையின் பின்புறம் இழுத்தால் சுவரைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் படுங்கள். கண் அழுத்த நோயோ கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் இதை விட்டுவிடுங்கள். மாதவிடாய் நாட்களில் இதைச் செய்யலாமா என்பதில் ஆசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. உங்கள் உடம்புக்குச் சரிப்பட்டதைச் செய்யுங்கள்.

3. சவாசனம்

மல்லாந்து படுங்கள். முட்டிக்கு அடியில் தலையணை, கண்மேல் மடித்த கைத்துண்டு. கர்ப்பிணிகள், குறிப்பாக 5 மாதத்துக்கு மேல், மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்து, முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்வது நல்லது. தூக்கம் வந்தால் வரட்டும்.

முதல் வாரம் ஒரே ஒரு நிலை போதும். இது மருந்துக்கு மாற்று அல்ல. மருத்துவர் சொன்ன சிகிச்சையை நிறுத்தாமல் இதையும் சேர்த்துச் செய்யுங்கள். முதுகுத்தண்டுப் பிரச்சினை இருந்தால் முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.

எழும்போது அவசரம் வேண்டாம். முட்டியை மடக்கி, பக்கவாட்டில் புரண்டு, 5 மூச்சு அப்படியே இருங்கள். பிறகு கையைத் தரையில் ஊன்றி எழுங்கள். தலை கடைசியாக நிமிரட்டும்.