சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குழாய்த் தண்ணீர்: கடினத்தன்மையை வீட்டிலேயே அளப்பது எப்படி?

கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்தால், "தண்ணீரில் உப்பு அதிகம்" என்று முடிவு கட்டி வடிகட்டி வாங்கப் போகிறோம். போகும் முன் ஒரு முறை அளந்து பாருங்கள். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் மென்மையானது முதல் மிதமான கடினத்தன்மை கொண்டது வரைதான். சென்னையின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோடு ஒப்பிடவே முடியாது. செங்காங்கிலோ உட்லண்ட்சிலோ தண்ணீரைப் பற்றி வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் கடைசிச் சில மீட்டரில் இருக்கிறது: வீட்டுக் குழாய், ரப்பர் வாஷர், குழாய் முனையின் வலை.

கடினத்தன்மை என்பது தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவு. அதைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டுச் சொல்வார்கள்: லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்மை, 61–120 மிதம், 121–180 கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். ஜொகூர் ஆற்று நீர், நம் நீர்த்தேக்க நீர், உப்பு நீக்கிய கடல்நீர் ஆகியவை கலந்து வருவதால் ஒரே வீட்டிலும் இந்த எண் ஏறி இறங்கும். அதனால் ஒரு நாள் அளந்ததோடு நிறுத்திவிடாமல் இரண்டு மூன்று வாரம் விட்டு மறுபடியும் அளக்க வேண்டும்.

தேவையானவை: மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் 'ஜி.எச்.' (பொதுக் கடினத்தன்மை) சொட்டுச் சோதனைக் கிட், மூடியுள்ள இரண்டு சுத்தமான பாட்டில்கள், ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு.

1. தண்ணீர் பிடித்தல். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன், சமையலறைக் குளிர்நீர்க் குழாயிலிருந்து முதல் பாட்டிலை நிரப்புங்கள். பிறகு இரண்டு நிமிடம் ஓடவிட்டு இரண்டாவதை நிரப்புங்கள். ஓடும் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம். முதல் பாட்டில் இரவெல்லாம் உங்கள் வீட்டுக் குழாயில் தேங்கிய நீர், இரண்டாவது வெளியிலிருந்து வரும் நீர். நிறமோ வாடையோ முதல் பாட்டிலில் மட்டும் இருந்தால், கோளாறு வீட்டுக்குள்தான். வடிகட்டியோ வாட்டர் ஹீட்டரோ வழியாக வந்த தண்ணீரைப் பிடித்துவிடாதீர்கள்.

2. சொட்டு எண்ணுதல். கிட்டில் உள்ள சோதனைக் குழாயை இரண்டாவது பாட்டில் தண்ணீரால் இருமுறை அலசுங்கள். கிட் தாளில் 5 மில்லி என்றுதான் இருக்கும். நம் தண்ணீர் மென்மையானது என்பதால் 10 மில்லி எடுங்கள். ஒரு சொட்டு விட்டு, மூடி, நன்றாகக் குலுக்கி, வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். பல கிட்டுகளில் முதலில் சிவப்போ ஆரஞ்சோ தெரியும், முடிவில் ஒரே சொட்டில் பச்சையாகும். அதுவரை விட்ட சொட்டுகளை எண்ணுங்கள். 5 மில்லியில் ஒரு சொட்டு என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம், 10 மில்லியில் 8.9. ஏழு சொட்டு என்றால் 7 × 8.9, சுமார் 62: மிதத்தின் தொடக்கம்.

தவறு பெரும்பாலும் சொட்டில்தான் நடக்கும். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும், எனவே நேர்செங்குத்தாகப் பிடியுங்கள். குலுக்காமல் அடுத்த சொட்டை விட்டால் ஒன்றிரண்டு கூடுதலாக எண்ணிவிடுவோம். காலாவதியான மருந்தில் நிறமாற்றம் மங்கலாக இருக்கும், அந்த எண்ணை நம்ப முடியாது.

3. தண்ணீரில் கரைந்தவற்றின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் போதாதா? போதாது. அது காட்டுவது தண்ணீரின் மின்கடத்தும் திறனை வைத்துக் கணக்கிடும் தோராயம். ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டாலும் எண் எகிறும், ஆனால் கடினத்தன்மை மாறாது. வீடு தேடி வரும் விற்பனையாளர் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, பழுப்பாக்கிக் காட்டினால் பயப்படாதீர்கள். இரும்புக் கம்பி கரைவதால் வரும் நிறம் அது. அவர் கொண்டுவந்த சுத்தமான தண்ணீரிலும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

4. குளோரின் வாடை. இங்கே குழாய்களில் கிருமி அண்டாமலிருக்கக் குளோராமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) சேர்க்கிறார்கள். 'கட்டற்ற குளோரின்' மட்டும் காட்டும் சோதனைப் பட்டையில் அது சரியாகத் தெரியாது, 'மொத்தக் குளோரின்' பட்டை வாங்குங்கள். ஊரில் போல இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்ற பழக்கம் குளோராமினுக்குச் செல்லாது. மீன் வளர்ப்பவர்கள் குளோராமினையும் நீக்கும் மருந்தையே ஊற்ற வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால் மீன் செத்துவிடும்.

5. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பால் போல வெண்மையாக விழுந்தால், மேசைமேல் வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி. மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் ஏதாவது தங்கினால் வண்டல். கறுப்புத் துணுக்குகளை விரலில் தேய்த்து, மை போல ஒட்டினால், வாஷரோ சிங்க்கின் அடியிலுள்ள வளைகுழாயோ நைந்துவிட்டது என்று பொருள். குளியலறை மூலையில் வரும் இளஞ்சிவப்பு வழவழப்பு ஈரத்தில் வளரும் கிருமி, தேய்த்துக் கழுவி உலர விடுங்கள்.

துவரம்பருப்பு வேகாவிட்டால்? மிகக் கடின நீரில் பருப்பு எளிதில் வேகாது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் எண் 60, 70 என்றால் பழியைத் தண்ணீர்மேல் போடாதீர்கள். பருப்பு பழசாக இருக்கலாம், வேறு கடையில் வாங்கிப் பாருங்கள்.

6. கெட்டில் படிவு. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்து, வெதுவெதுப்பாக்கி, அரை மணி நேரம் விட்டு, இருமுறை அலசுங்கள். கொதிக்க விட்டால் கரையாத வேறொரு படிவு உண்டாகலாம். குழாய் முனை வலையைக் கழற்றி வினிகரில் அரை மணி ஊறவைத்தால் போதும். கழற்றும்போது உள்ளிருக்கும் பாகங்களை வரிசையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் சிக்கன வளையம் தலைகீழாகப் போனால் ஒழுகும். வினிகரோடு ப்ளீச்சைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

கடினத்தன்மை 120-க்குள் இருந்தால் மென்மையாக்கும் கருவிக்குச் செலவழிக்க வேண்டாம். உப்பு போட்டு இயங்கும் கருவி ஒவ்வொரு மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் பதிலாகச் சுமார் 0.46 மில்லிகிராம் சோடியத்தைத் தண்ணீரில் சேர்க்கிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் இதை முதலில் யோசியுங்கள்.

7. யாரிடம் சொல்வது? இரண்டாவது பாட்டிலும் பழுப்பாக இருந்தால் பக்கத்து வீட்டிலும், உங்கள் புளோக்கில் கீழ்மாடியிலும் கேளுங்கள். மேல்மாடிகளுக்குக் கூரைத் தொட்டி வழியாகவும் கீழ்மாடிகளுக்குப் பிரதான குழாயிலிருந்து நேராகவும் தண்ணீர் வருவது வழக்கம். மேல்மாடிகளில் மட்டும் என்றால் கூரைத் தொட்டியைப் பராமரிக்கும் நகர மன்றம், எல்லா மாடியிலும் என்றால் தண்ணீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகம், உங்கள் வீட்டில் மட்டும் என்றால் உரிமம் பெற்ற பிளம்பர். அழைக்கும்போது புளோக், மாடி, எத்தனை மணிக்குப் பிடித்தது, குளிர்நீரா சுடுநீரா என்று சொல்லுங்கள். பாட்டிலைக் கொட்டிவிடாமல், அவர்கள் வந்து பார்க்கும்வரை மூடி வையுங்கள்.