முதல் பிரசவம் சிசேரியன் என்றால்: அடுத்ததைப் பற்றிப் பேசும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் ஓ.பி.யில், பக்கத்து மேசையில் இருந்த இளம் டாக்டர் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரிடம், "முதல் குழந்தை ஆபரேஷனா? நார்மலுக்குப் போனா தையல் வெடிச்சிடும்மா. உங்க இஷ்டம், என்ன பண்ணலாம்?" என்றார். அந்தப் பெண் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே, "ஆபரேஷனே பண்ணிடுங்க மேடம்" என்றார். கேஸ் ஷீட்டில் 'தாயின் விருப்பம்' என்று ஏறியது. இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பயமுறுத்திவிட்டு விருப்பம் கேட்பது

'வெடிச்சிடும்' என்று காதில் விழுந்த பிறகு எந்தத் தாய் வேறு பதில் சொல்வார்? கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில், குறுக்காக, ஒரே ஒரு முறை கீறப்பட்டவருக்கு வலி தானாக வந்தால், தழும்பு கிழியும் வாய்ப்பு ஏறக்குறைய 200-இல் 1. கிழிந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. இதை மறைக்கக் கூடாது. ஆனால் முயல்பவர்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் சுகப்பிரசவம் ஆகிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

இப்போது லேப் சீட்டின் பின்பக்கத்தில் பத்து வரிசை, வரிசைக்கு இருபது புள்ளி வைத்து, ஒன்றை மட்டும் வட்டமிட்டுக் காட்டுகிறேன். சிலர் அந்த ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு ஆபரேஷன்தான் வேண்டும் என்கிறார்கள். எனக்கு முழுச் சம்மதம். தெரிந்து எடுத்த முடிவு அது.

இன்னும் எத்தனை குழந்தை வேண்டும் என்று கேட்காமல் விடுவதும் இதே தவறுதான். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்புக்குள் வேர்விடும் ஆபத்து கூடுகிறது. நான் மிரட்டி ஆபரேஷனுக்கு அனுப்பிய ஒருவர் மூன்றாவது கர்ப்பத்தில் அப்படித்தான் வந்தார். பை பையாக ரத்தம் ஏற்றி, கர்ப்பப்பையை எடுத்துத்தான் அவரைக் காப்பாற்றினோம். "அப்பவே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேனே டாக்டர்" என்றார். இந்தப் பேச்சை அவசரமாக முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

வெளித் தழும்பை நம்புவது

தோலில் குறுக்குக் கோடு இருந்தால் உள்ளேயும் குறுக்கு என்று அர்த்தமில்லை. கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காகக் கீறியிருந்தால் வலிக்குக் காத்திருக்கவே கூடாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் பார்த்திருப்பார்கள். காகிதமும் அங்கே பீரோவில்தான் இருக்கும்.

மாமியாரிடம் கேட்பது

முடிவு கர்ப்பிணியுடையது.

வலி வந்த பிறகு பேசுவது

முதல் செக்கப்பிலேயே தொடங்குங்கள், 36 வாரத்துக்குள் முடியுங்கள். பிறகு அவர் மனம் மாறினாலும் முகம் சுளிக்காதீர்கள்.

நம் குறையை அவர் தலையில் கட்டுவது

ராத்திரியில் மயக்க டாக்டர் இல்லை, ரத்தம் இல்லை என்றால் அங்கே முயலக்கூடாதுதான். அப்போது "இங்கே எங்களால் முடியாது" என்று சொல்லி, வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுங்கள். "உங்களால் முடியாது" என்று சொல்லி அனுப்பாதீர்கள்.