சோல்பவுண்ட் ஆகுறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைப் படிங்க

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கிற ஆன்லைன் கேம் ஆட ஆரம்பிச்ச சித்தப்பா மகன் அம்பாசமுத்திரத்துல இருந்து போன் போட்டான். "அண்ணே, இந்த வாளை ஒங்களுக்கு அனுப்பலாம்னு பாத்தா கேமுக்குள்ள இருக்கிற மெயில்ல வைக்கவே விடமாட்டேங்கு."

"மாட்டிப் பாத்தியாலே?"

"ஆமாண்ணே, எப்படி இருக்குன்னு பாக்கத்தான்..."

அவனுக்குச் சொன்னதை அப்படியே இங்க போடுறேன். கேமை இறக்குறது, கேரக்டர் உருவாக்குறது எல்லாம் நீங்களே பாத்துக்கிடுவீங்க.

முதல்ல: பொருள் மேல மவுஸை வைங்க. பேருக்குக் கீழ ஒரு சின்ன வரி வரும். ஊதா, நீலம்ங்கிற நிறம் தரத்தைத்தான் சொல்லும். விக்கலாமா கூடாதான்னு சொல்றது இந்த வரி. "பைண்ட்ஸ் வென் பிக்டு அப்"னா எடுத்த கையோட உங்களுக்கே ஒட்டிக்கும், அடுத்தவருக்குப் போகாது; இதைத்தான் சோல்பவுண்ட்ங்கிறது. "பைண்ட்ஸ் வென் எக்விப்டு"னா மாட்டினாத்தான் ஒட்டும். அப்படி ஒரு வரியே இல்லைன்னா (மூலிகை, தாது, துணி மாதிரி) பெரும்பாலும் தாராளமா விக்கலாம்.

அடுத்து, எல்லாரும் மாட்டிக்கிடுற இடம். இந்த எக்விப் வகை, டவுன் ரதவீதி ஜவுளிக்கடையில எடுத்த சட்டை மாதிரி. டேக்கைப் பிய்க்காத வரைக்கும் அதை யாருக்கும் கொடுக்கலாம். மாட்டப் போகும்போது "இது உங்களோட பிணைஞ்சிடும்"னு ஒரு பெட்டி வரும். வேகமா ஆடுற பயலுவ அதைப் படிக்காமலே ஓகே அமுக்கிடுவானுவ. அமுக்கினா சோல்பவுண்ட், ஆக்‌ஷன் ஹவுஸ் (கேமுக்குள்ள உள்ள ஏலச் சந்தை), மெயில் ரெண்டும் அடைச்சாச்சு.

எப்படி இருக்குன்னு பாக்கணும்னா மாட்ட வேண்டியதே இல்ல. கண்ட்ரோலை அமுக்கிக்கிட்டு கிளிக் பண்ணுங்க, டிரெஸ்ஸிங் ரூம் திறக்கும். நீங்க போட்டிருக்கிறதோட ஒப்பிட, ஷிஃப்டை அமுக்கிக்கிட்டு மவுஸை வைங்க. என்சான்ட் (பொருளுக்குக் கூடுதல் சக்தி ஏத்துறது) போட்டாலும் பிணையும். அப்பவும் அதே மாதிரி எச்சரிக்கை வரும்.

விலை பாக்க ஆக்‌ஷனேட்டர் ஆட்-ஆன் (கேமோட சேர்த்துப் போடுற துணை நிரல்) போதும். டிரேட்ஸ்கில்மாஸ்டர் நல்லதுதான், ஆனா புதுசா வர்றவங்களுக்கு அது கணக்குப்பிள்ளை வேலை. விலையைப் பாத்துட்டு அப்புறம் மாட்டுறதா விக்கிறதான்னு முடிவு பண்ணுங்க.

டன்ஜன், ரெய்டுல (குழுவா சேர்ந்து அடிக்கிற இடங்கள்): எடுத்ததுமே பிணையுற பொருளா இருந்தாலும் 2 மணி நேரத்துக்குள்ள, கூட சேர்ந்து அடிச்சவங்களுக்குக் கொடுக்க வழி உண்டு. டூல்டிப்ல (மவுஸை வச்சா வர்ற பெட்டி) அந்த நேரம் ஓடிக்கிட்டு இருக்கும். அந்த வரி இல்லைன்னா கொடுக்க முடியாது, கெஞ்சினாலும் நடக்காது. யாருக்குன்னு முடிவாகுற வரைக்கும் அதைத் தொடாம பையிலேயே வைங்க.

சோல்பவுண்ட் ஆனதை என்ன பண்ணலாம்? என்பிசி (கேமே நடத்துற ஆள்) கடையில தள்ளலாம், என்சான்டரா இருந்தா டிஸ்என்சான்ட் பண்ணி, அதாவது உடைச்சுத் தூளாக்கி, அந்தத் தூளை விக்கலாம். அவ்ளோதான்.

ஏன் இப்படி ஒரு கொடுமைன்னு கேட்டா, பழைய கவசம் கை மாறிக்கிட்டே இருந்தா சந்தையில குவிஞ்சு புதுசுக்கு மதிப்பே இருக்காது. ரெய்டு அடிக்காமலே காசைக் கொட்டி எல்லாத்தையும் வாங்கிடலாம். 1999-ல வந்த எவர்க்வெஸ்ட்லயே "நோ டிராப்" (அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது) முத்திரை இருந்துச்சு. டயாப்லோ 3-ல ஆக்‌ஷன் ஹவுஸ் வச்சுப் பாத்து, 2014-ல இழுத்து மூடினாங்க. வேட்டையாடுறதை விட்டுட்டு ஆளுக ஏலத்துலயே உக்காந்துட்டாங்க. என்னைக் கேட்டா பிணைக்கிறதுதான் நியாயம்.

பிற்சேர்க்கை 1: "வார்பவுண்ட்னு வருதே, அது என்ன?"னு சங்கரன்கோவில்காரர் ஒருத்தர் கேட்டிருந்தார். 2024-ல வந்த தி வார் விதின்ல சேர்த்தது. ஒரே அக்கவுண்ட்ல உள்ள உங்க கேரக்டர்களுக்குள்ள மாத்திக்கலாம், அடுத்தவருக்குக் கிடையாது. "வார்பவுண்ட் அன்டில் எக்விப்டு"ன்னு இருந்தா மாட்டின கேரக்டருக்கே சொந்தம்.

பிற்சேர்க்கை 2: ஃபைனல் ஃபேன்டசி 14 ஆடுறவங்க கவனிங்க. அங்க மாட்டிக்கிட்டு சண்டை போடப் போட ஸ்பிரிட்பாண்ட் (பொருளோட பிணைப்பு அளவு) ஏறும். ஏறிட்டா மார்க்கெட் போர்டுல விக்க முடியாது. ஆல்பியான் ஆன்லைன்ல இந்தத் தொல்லை கிடையாது. ஆனா சிவப்பு, கறுப்பு மண்டலத்துல செத்தா உங்க பொருளை அடிச்சவனே அள்ளிக்கிட்டுப் போயிடுவான்.