உலருணவுப் பொதி கொடுக்குமுன் சம்பளப் பட்டியலைப் பாருங்கள்

பண்டிகை வந்தால் கொழும்புப் புறக்கோட்டை முதலாளிமார் பலர் கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் உலருணவுப் பொதி கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பொதியை லொறியில் ஏற்றும் பொடியனுக்கு ஊழியர் சேமலாப நிதி (EPF என்ற ஓய்வுகாலச் சேமிப்பு) கட்டுகிறீர்களா? பலர் சறுக்குவது இங்கேதான்.

"மூன்று மாசம் போகட்டும், நிலைத்து நிற்கிறானா பார்ப்போம்" என்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு சலுகை இல்லை. தற்காலிகமாக வந்தவருக்கும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். முதலாளி 12 சதவீதம், ஊழியர் 8. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தனியாக 3. மாசம் 30,000 ரூபாய் வாங்குபவருக்குச் சேமலாப நிதி மட்டும் வருஷத்துக்கு 72,000. பத்து வருஷத்தில், வட்டியை விட்டாலும், 7,20,000. மலையகத்திலிருந்து வந்து கடைக்கு மேலேயே படுத்துறங்கும் ஒருவருக்கு இதைவிட்டால் வேறு என்ன சேமிப்பு இருக்கப்போகிறது?

அடுத்தது, அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து மிச்சத்தை அலவன்ஸ் என்று எழுதுவது. கெட்டித்தனம் மாதிரித் தெரியும். ஆனால் வாழ்க்கைச் செலவுப் படி மட்டுமல்ல, கடையில் போடும் சாப்பாட்டின் பெறுமதியும் சேமலாப நிதிக் கணக்கில் வரும். பணிக்கொடை (வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் தொகை) கொடுக்காமலிருக்க ஆட்களைப் பதிவில் 14 பேரோடு நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 15 பேர் என்றால்தானே அந்தச் சட்டம்!

வீட்டில் மிளகாய்த்தூள் இடித்துக் கொண்டுவரும் அக்காவுக்கு 90 நாள் செக் கொடுப்பதும் இதே வகைதான். பெரிய கம்பனிக்கு மட்டும் உடனே காசு. 2022இல் கொழும்பில் விலைவாசி ஒரு வருஷத்துக்குள் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறியது. அந்த நேரத்தில் செக் மாறும்வரை காத்திருந்தவருக்கு, வந்த காசில் பழைய அளவு மிளகாய் வாங்க முடியவில்லை. உங்கள் கடனுக்கு வட்டி கட்டியது அவர்தான்.

தெரிந்தவர் சொன்ன ஆளை மட்டும் வேலைக்கு எடுப்பது, சாமான் அடுக்குகிற வேலைக்கும் இங்கிலீஷ் கேட்பது: இந்தப் பழக்கங்களையும் கைவிடலாம்.

"இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, எனக்கென்ன?" என்று கேட்கலாம். உலக வங்கிக் கணக்குப்படி அதே 2022இல் நாட்டில் நான்கில் ஒருவர் வறுமையில் இருந்தார். வாங்குகிறவர் கையில் காசில்லாத அந்த வருஷம் உங்கள் கல்லாவில் என்ன விழுந்தது என்று பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

சரி, கட்டுவது என்று முடிவெடுத்தால் ஒன்று கவனம்: ஒரு மாசத்துக் காசை அடுத்த மாசக் கடைசி நாளுக்குள் கட்டிவிட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும்.