மனுவுக்கு எண் வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்

28 வருடம் தபால் பிரிவில் வேலை பார்த்தவள் நான். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். வருகிற காகிதத்தைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, உரிய மேஜைக்கு அனுப்புவது என் வேலை. எண் விழுந்த காகிதத்துக்கு யாராவது ஒருநாள் பதில் சொல்லியே ஆக வேண்டும். எண் விழாத காகிதம், வராத காகிதம்.

2004-ல் ஒருநாள், பெருக்குகிற வேலை பார்த்த அக்கா ஒருவர் நாலாக மடித்த தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் பையன் கையெழுத்து. அவர் மகன் எழுதியிருந்தான். நிர்வாகத்தில் செல்வாக்கான ஒருவர் சாமான் அறையில் கையைப் பிடித்து இழுத்ததை, அம்மா சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறான். கண்காணிப்பாளர் வாங்கிப் படித்தார். "இதுக்கு நம்பர் போடாதீங்கம்மா, நான் பேசிக்கிறேன்" என்றார். நான் போடவில்லை. தாள் அவர் இழுப்பறைக்குள் போனது. அடுத்த மாதம் அந்த அக்காவுக்கு வேலை இல்லை. கேட்க வந்தபோது, அப்படி ஒரு மனு வரவே இல்லை என்று பதிவேட்டை எடுத்துக் காட்டினார்கள். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து இருந்த பதிவேடு.

அப்போதே சட்டம் இருந்தது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-ல் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானவர் பன்வாரி தேவி. அவருக்கு நடந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997 ஆகஸ்ட் 13-ல் விசாகா தீர்ப்பு வந்தது. வேலையிடம்தோறும் புகார் குழு வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, மனு எழுத வரும் பெண்களோடு உட்காருகிறேன். துணிக்கடை, அரிசி ஆலை, நர்சிங் ஹோம், நூறு நாள் வேலை என்று எல்லா இடத்திலிருந்தும் வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேதி

வேலையிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வந்த 2013-ம் வருடத்துச் சட்டப்படி, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பல முறை நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்தால், குழு அதை ஏற்று இன்னொரு மூன்று மாதம் வரை அவகாசம் தரலாம். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

வருகிற பெண்கள் யாரும் தேதி சொல்லி ஆரம்பிப்பதில்லை. "ஆடித் தள்ளுபடி ஓடிட்டிருந்துச்சு, பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள்" என்பார்கள். அதுவே போதும். தினசரி காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஆடி 18 ஆகஸ்ட் 3-ல் வந்த வருடமென்றால் மறுநாள் ஆகஸ்ட் 4. அப்படியானால் நவம்பர் தொடக்கத்தோடு உங்கள் மூன்று மாதம் முடிகிறது. "தீபாவளி வியாபாரம் முடியட்டும், உட்கார்ந்து பேசுவோம்" என்று கடையில் சொல்வார்கள். ஆலையில் கொள்முதல் சீசன் முடியட்டும் என்பார்கள், கல்லூரியில் அட்மிஷன் முடியட்டும் என்பார்கள். எல்லாம் முடியும்போது உங்கள் நாளும் முடிந்திருக்கும். பேசுவதாக இருந்தாலும் மனுவைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

வயல் வேலைக்குப் போகிறவர்கள் "மேட்டூர் திறந்த வாரம்" என்பார்கள். உடனே ஜூன் 12 என்று எழுதிவிடாதீர்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. எந்த வருடம், நாற்று விட்டாயிற்றா, நடவா, களையா என்று கேட்டுக் கேட்டுத்தான் நாளைப் பிடிக்க வேண்டும். தப்பான தேதி ஒன்று கிடைத்தால் எதிர்த்தரப்பு அதையேதான் பிடித்துத் தொங்கும்.

யாரிடம் கொடுப்பது

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். தலைவர் அங்கே மூத்த பதவியில் இருக்கும் பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழுவில் யார் யார் என்று எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதையே கடிதமாக எழுதிக் கேளுங்கள். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் குழு அமைத்த உத்தரவின் நகலைக் கேட்கலாம். குழுத் தலைவரே, நீங்கள் புகார் சொல்லும் மனிதரின் கையில் சம்பள உயர்வுக்குக் காத்திருப்பவராகவோ உறவாகவோ இருந்தால், விசாரணை தொடங்கும் முன்பே எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் முக்கால்வாசி வேலையிடம் பத்துப் பேருக்குக் குறைவானது. அல்லது தொட்டவரே முதலாளி. இரண்டுக்கும் மாவட்டத்தில் உள்ளூர் புகார் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலரைக் கேட்டால் வழி சொல்வார்கள். வட்டார அளவிலும் மனு வாங்க ஒரு தொடர்பு அலுவலர் உண்டு, அவர் ஏழு நாளில் குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இதே குழுதான். நடவுக்கு ஆள் ஏற்றிப் போகும் லோடு வேனும் வேலையிடம்தான். வேலைக்காக முதலாளி ஏற்பாடு செய்த வண்டி எதுவானாலும் சட்டம் அதைச் சேர்த்தே சொல்கிறது.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுப்பதில் ஒரு நன்மை, ஒரு ஆபத்து. நன்மை, கம்ப்யூட்டரில் ஏறி எண் வந்துவிடும். ஆபத்து, வாசலில் மனு எழுதித் தருபவர் முதல் உள்ளே பதிவு செய்பவர் வரை பத்துப் பேர் படிப்பார்கள். அதனால் வெளியே தெரியும் மனுவில் "வேலையிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த என் புகார் உறையில் உள்ளது, உள்ளூர் புகார் குழுவுக்கு அனுப்பக் கோருகிறேன்" என்று மட்டும் எழுதுங்கள். விவரத்தை ஒட்டிய உறையில் வைத்து, மேலே 'இரகசியம்' என்று எழுதுங்கள்.

எழுதுவது

"என்னிடம் தவறாக நடந்துகொண்டார்." வருகிற மனுக்களில் பாதி இந்த ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. எழுதக் கை கூசுகிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் குழுவில் இருப்பவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, என்ன தவறு என்பதுதான். அதை நாலு பேர் எதிரில் முதல் முறையாகச் சொல்வதைவிட, வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை அழுதுவிட்டு எழுதுவது நல்லது.

துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணோடு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன். எத்தனை மணிக்கு என்றால் தெரியவில்லை என்றாள். அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய் என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்திருந்தவள், "கும்பேஸ்வரர் கோயில் மணி கேட்டு சாமி படத்துக்கு விளக்கு ஏத்தினேன்க்கா, அப்புறம்தான் பில் புக் எடுக்க உள்ள போனேன்" என்றாள். சாயரட்சை மணி. கடைசியில் எழுதியது இது: "மாலை சுமார் ஆறு மணிக்கு மேல், கணக்கு அறையில் பில் புத்தகம் எடுக்கக் குனிந்தபோது, பின்னாலிருந்து என் இடுப்பில் கை வைத்தார். தட்டிவிட்டேன். 'நாளைக்கு வேலைக்கு வர வேண்டாமா' என்றார்." அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் விட்டுவிடப் பார்த்தாள், அது சும்மா பேச்சுதானே என்றாள். இல்லை. வேலை போய்விடும் என்று மிரட்டுவதைச் சட்டம் தனியாகவே கணக்கில் எடுக்கிறது. அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதுங்கள், கெட்ட வார்த்தையானாலும். நிச்சயமாகத் தெரியாத இடத்தில் 'சுமார்' போடுங்கள். ஒன்றைக்கூட இட்டுக்கட்டாதீர்கள்.

பார்த்த சாட்சி வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அன்றைக்கு யாரிடம் முதலில் சொல்லி அழுதீர்களோ அவர் பெயரை எழுதுங்கள். மறுநாள் லீவு போட்டிருந்தால் வருகைப் பதிவேட்டில் அது இருக்கும், எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்தி இருந்தால் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அருவருப்பில் மூலச் செய்தியை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

ஆவணங்கள், சாட்சிகளின் பெயர் முகவரியோடு மொத்தம் ஆறு பிரதி கொடுக்க வேண்டும் என்பது விதி. எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. பிள்ளைகளை எழுத வைக்காதீர்கள்.

எண்

உங்களுக்கென்று ஏழாவது பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். அதில் முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து, பதிவு எண், நாலும் விழ வேண்டும். "வச்சிட்டுப் போங்க, நாளைக்கு நம்பர் தர்றோம்" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள். அந்த நாளைக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். மறுத்தால் நேரே தபால் நிலையம் போய், ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலை அதோடுதான் சேர்த்துவிட்டார்கள். எந்த நாள், எந்த நேரம், யார் வாங்க மறுத்தார் என்று தனித்தாளில் எழுதி வையுங்கள்.

மறுப்பவரும் பொறுப்பாளிதான். 2021 பிப்ரவரியில், அப்போது சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் மீது புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பிய பெண் எஸ்.பி.யின் காரைப் பரனூர் சுங்கச்சாவடியில் மறித்தார்கள். ஐ.பி.எஸ். அதிகாரிக்கே அந்த நிலை. தன்னை மறித்ததையும் சேர்த்தே அந்தப் பெண் அதிகாரி புகார் சொன்னார். 2023 ஜூன் 16-ல் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு 3 ஆண்டு சிறை விதித்தது, மறித்த இன்னொரு எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம் விதித்தது. 2024 பிப்ரவரியில் அமர்வு நீதிமன்றமும் சிறைத் தண்டனையை உறுதி செய்தது. 500 ரூபாய் மிகக் குறைவு என்பதே என் எண்ணம். ஆனால் மறித்ததும் குற்றம் என்று ஏட்டில் ஏறிவிட்டது.

கொடுத்த பிறகு

ஏழு வேலை நாளில் மனுவின் பிரதி, யார் மேல் புகார் கொடுத்தீர்களோ அவருக்குப் போக வேண்டும், பத்து வேலை நாளில் அவர் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அறிக்கை பத்து நாளில் இருவருக்கும் கிடைக்க வேண்டும், அதன்மேல் 60 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். காலண்டரில் இந்த நாட்களைக் குறித்து வைத்து, ஒன்று தவறினாலும் பதிவு எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் போடுங்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீட்டுக்கு 90 நாள்.

விசாரணை நடக்கும்போது அவரையோ உங்களையோ இடம் மாற்றவும், உங்களுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரவும் கேட்கலாம். அவரை மாற்றுங்கள் என்றே கேளுங்கள். குழு முன்னால் இரு தரப்பும் வக்கீல் வைக்கக் கூடாது. காசுள்ளவர் பெரிய வக்கீலைக் கொண்டுவந்து உட்கார வைப்பார் என்ற பயம் வேண்டாம். சமரசம் நீங்கள் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் பேசக் கூடாது. "நிரூபிக்காவிட்டால் உன் மேலேயே கேஸ்" என்று மிரட்டுவார்கள். நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே புகார் பொய்யாகிவிடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

உங்கள் பெயரை வெளியே விடக் கூடாது. பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கில் 2019-ல் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை அதிகாரத் தரப்பே வெளியே விட்டது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அந்த வழக்கில் 2025 மே 13-ல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை கிடைத்தது. ஆறு வருடம் அந்தப் பெண்கள் தாங்கி நின்றார்கள்.

போலீசுக்கும் போகலாம், குழு முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பாரதிய நியாய சன்ஹிதா 75-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. மகளிர் காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். 181 பெண்கள் உதவி எண். இலவச வக்கீலுக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பாதிக்கப்பட்டது 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை என்றால் மேலே சொன்ன குழு எதுவும் வேண்டாம், 1098 அல்லது நேரே போலீஸ், அன்றைக்கே. தெரிந்தும் மறைக்கிற தலைமைக்குப் போக்சோ சட்டத்தில் ஓராண்டு வரை சிறை உண்டு.

முத்திரை விழுந்த பிரதியை வீட்டில் மட்டும் வைக்காதீர்கள். வீட்டுக்காரரோ மாமனாரோ பயந்துபோய்க் கிழித்துப்போட்டதைப் பார்த்திருக்கிறேன். நம்பிக்கையான இன்னொருவரிடம் ஒரு ஜெராக்ஸ் இருக்கட்டும். என் பீரோவின் மேல் தட்டில், பழைய புடவை உறையில், இப்போது பதினோரு பெண்களின் பிரதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் எண்ணையும் தேதியையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரியில் 2004 என்று போட்டு, எண் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.