ஆகாயக் கப்பல் கொள்ளைக் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகாயக் கப்பல், உரிமம் வாங்கிக் கொள்ளையடிக்கும் மாலுமிகள், புதையல், வாள்சண்டை என்று எழுத வரும் புதியவர்களின் கதைகளை எழுத்துப் பட்டறைகளில் தொடர்ந்து படிக்கிறேன். நான் முன்பு செய்த அதே பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நீளமான முன்கதை, வாயில் நுழையாத பெயர்கள் பற்றியெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். இந்த வகைக் கதைக்கே உரியவை மட்டும் இங்கே.

எடையை மறப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அண்மையில் படித்த கதையில், நாயகி கயிற்றில் தொங்கி எதிரிக் கப்பலில் குதிக்கிறாள், காவலர்களை மடக்குகிறாள், பன்னிரண்டு பெட்டித் தங்கத்தைத் தன் கப்பலுக்கு மாற்றுகிறாள். சண்டை அருமையாக வந்திருந்தது. அடுத்த வரியிலேயே கப்பல் விர்ரென்று மேகத்துக்கு மேலே ஏறிவிடுகிறது. அங்கேயே எனக்குக் கதை விட்டுப்போயிற்று.

ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தூக்குவது ஏறக்குறைய 1.1 கிலோ. ஒரு கன அடித் தங்கத்தின் எடை சுமார் 546 கிலோ. ஒரு கன அடி கொள்ளும் சின்னப் பெட்டிக்கே 500 கன மீட்டர் வாயு கூடுதலாக வேண்டும். பன்னிரண்டு பெட்டி என்றால் ஆறரை டன். அந்தக் கப்பல் மேலே ஏறாது, இறங்கத்தான் செய்யும்.

ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல் 245 மீட்டர் நீளம், 2 லட்சம் கன மீட்டர் வாயு கொண்டது. 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் தரையிறங்க வந்தபோது அதன் வால் பக்கம் கனத்தது. பின்பக்கத் தொட்டிகளிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், போதவில்லை. சமநிலைக்காகப் பணியாளர்கள் ஆறு பேரை மூக்குப் பகுதிக்கு அனுப்பினார்கள். அவ்வளவு பெரிய கப்பலிலேயே ஆறு ஆளின் எடை கணக்கில் வந்தது. தீப்பற்றியது அதற்குச் சற்று நேரத்தில்தான்.

எடையைக் கணக்கில் எடுத்துப் பாருங்கள், கதை தானாகவே சூடுபிடிக்கும். தங்கம் ஏறிவிட்டது, எதைக் கீழே தள்ளுவது? பழைய போர்க்கப்பல்களின் 24 பவுண்டர், அதாவது 24 பவுண்டு குண்டைச் சுடும் பீரங்கி ஒன்றே இரண்டரை டன்னைத் தொடும். மூன்றைத் தள்ளினால் தங்கம் தப்பும், துரத்தி வருகிறவனை எதைக் கொண்டு சுடுவது? குடிதண்ணீரைக் கொட்டினால் பாலைவனத்தைத் தாண்ட முடியுமா? வெயில் பட்டால் வாயு சூடாகிக் கப்பல் எழும்பும், மேகத்துக்குள் போனால் குளிர்ந்து தாழும், மழை பெய்தால் மேல்துணி நனைந்து கனக்கும். எரிபொருள் தீரத் தீரக் கப்பல் லேசாவதும் தொல்லைதான். அதனால்தான் கிராஃப் செப்பலின் என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல் காற்றின் எடைக்கு நெருக்கமான ஒரு வாயுவையே எரிபொருளாகக் கொண்டு போனது.

அந்தக் கதையை எழுதியவர், "இது மாய வாயு சார், எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கும்" என்றார். சரி, மாய வாயுவே இருக்கட்டும். அதற்கும் ஓர் எல்லை வையுங்கள். எதையும் தூக்கும் கப்பலில் தலைவன் எதையும் இழக்க வேண்டியதில்லை. எதையும் இழக்காதவனுக்காக வாசகன் ஏன் பதற வேண்டும்?

உரிமச் சீட்டை மறப்பது

அரசு உரிமத்தோடு எதிரி நாட்டுக் கப்பலைப் பிடிப்பவன் வேறு, கடற்கொள்ளையன் வேறு. நடுவில் இருப்பது ஒரு காகிதம்தான். பிடித்த சரக்கு உடனே அவனுக்குச் சொந்தமாவதும் இல்லை. நீதிமன்றம் அது முறையான பிடிப்பு என்று சொன்ன பிறகுதான் பங்கு பிரியும். பல கதைகளில் இந்த உரிமம் முதல் அத்தியாயத்தோடு காணாமல் போகிறது.

17ஆம் நூற்றாண்டுக் கப்பல் தலைவர் வில்லியம் கிட் பட்ட பாட்டைப் பாருங்கள். கையில் பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க இங்கிலாந்து அரசு தந்த உரிமம். 1698 ஜனவரியில் கேரளக் கரைக்கு அப்பால் அவர் பிடித்த கப்பலில் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு இருந்தது, அதனால் முறையான பிடிப்புதான் என்று வாதாடினார். ஆனால் லண்டன் விசாரணையின்போது அந்தச் சீட்டு அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு கொலைக் குற்றமும் சேர்ந்துகொள்ள, 1701 மே 23 அன்று தூக்கிலிட்டார்கள். அந்தச் சீட்டு 20ஆம் நூற்றாண்டில்தான் அரசு ஆவணங்களுக்குள் கிடைத்தது. உங்கள் தலைவனின் உயிரும் இப்படி ஒரு தாளில் தொங்கினால், வாள்சண்டைக்கு நடுவிலும் அவன் அதை நனையாமல் காப்பாற்றப் பார்ப்பான். அதை எழுதுங்கள்.

பாய்மரம்

காற்றோடு மிதக்கும் கப்பலில் பாய் புடைக்காது. எஞ்சின் வையுங்கள்.

நெருப்பு

ஹைட்ரஜன் பைக்கு அடியில் தீப்பந்தச் சண்டை வேண்டவே வேண்டாம்.

புதைத்த புதையல்

புதைத்துவிட்டு நூறு வருடம் கழித்து வரைபடத்தோடு தேடுவது பழகிப்போன பாதை. கிட் 1699இல் நியூயார்க் அருகே கார்டினர்ஸ் தீவில் உண்மையாகவே புதைத்தார். அதே ஆண்டில் அதிகாரிகள் அதைத் தோண்டியெடுத்து, அவருக்கு எதிரான சாட்சியமாக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.