இதய ஹார்மோன் ரத்தச் சோதனையும் உடற்பயிற்சியும்

ஓடும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடி, அறைச்சுவர் இழுபடுகிறது. அந்த இழுப்புக்கு மேலறைகள் ஏஎன்பி என்ற ஹார்மோனையும், கீழறைகள் பெரும்பாலும் பிஎன்பி என்ற ஹார்மோனையும் சுரக்கின்றன. சிறுநீர் வழியே உப்பை வெளியேற்றி, ரத்தக் குழாய்களைத் தளர்த்துவது இவற்றின் வேலை. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கும் இவற்றின் அளவு ஏறும், நோயல்ல.

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துச் செம்மண் பாதையில் அரை மணி நேரம் நடந்தால் ஏற்றம் சிறிதுதான். மாரத்தான் மாதிரி நீண்ட ஓட்டம்தான் சிக்கல். பிஎன்பி உருவாகும்போது பிரியும் துண்டுதான் என்டி-புரோபிஎன்பி; இதயச் செயலிழப்பு உண்டா என்று பார்க்க ரத்தத்தில் இதை அளப்பார்கள். ஓட்டத்துக்குப் பின் இது, வழக்கமான வரம்பான 125 பிகோகிராமை (ஒரு மில்லிலிட்டரில்) தாண்டலாம். இறங்க ஓரிரு நாள், சிலருக்கு மூன்று நாள் பிடிக்கும். ஆகவே நீண்ட ஓட்டத்துக்குப் பின் 72 மணி நேரம் கழித்தே சோதனைக்கு ரத்தம் கொடுங்கள். செம்பனைக் குலை வெட்டிச் சுமப்பதும் உடற்பயிற்சிதான்! வேலை முடிந்த கையோடு கிளினிக் போகாமல், மறுநாள் காலை வேலைக்கு முன் போங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகே ஊசி. முடி வளர எடுக்கும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளில் அளவைத் தவறாகக் குறைத்துக் காட்டும்; மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ இந்தக் காத்திருப்பு எதுவும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.